அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்: நான்கு வயதுப் பிள்ளைக்கு வாங்கலாமா?

திருநெல்வேலிப் பக்கத்து அம்பாசமுத்திரத்தில் மரத்தில் கடைந்து செய்யும் சின்னச் சமையல் சாமான்தான் இந்தச் சொப்பு. வாங்குவதென்றால் பெரிய செட்டாகப் பார்த்து வாங்குங்கள். சின்ன செட்டில் இருக்கும் பானையும் கரண்டியும் கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்க்கத்தான் ஆகும். பிள்ளையின் கைக்குள் அடங்க வேண்டும், மூடியைத் திறந்து உள்ளே நாலு புளியங்கொட்டை போட இடம் வேண்டும். அந்த அளவில் அம்மி, ஆட்டுரல், உரல், உலக்கை, திருகை, அடுப்பு, குடம், இட்லிக் கொப்பரை எல்லாம் சேர்ந்த செட் ஒன்றை, கோயம்புத்தூரிலிருந்து விடுமுறைக்கு வந்த என் பேத்திக்காக அம்பாசமுத்திரத்தில் ஒரு சிறிய கடையில் வாங்கினேன். கடைக்குப் பின்பக்கமே கடைசல் பட்டறையும் இருக்கிறது.

வேலைப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசல் இயந்திரத்தில் மரக்கட்டை சுழலும்போது நிறம் சேர்த்த அரக்குக் குச்சியை அதன்மேல் வைத்து அழுத்துகிறார்கள். உரசலில் எழும் சூட்டில் அரக்கு இளகி மரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. தூரிகை எதுவும் கிடையாது. அதனால் நிறம் உரிந்து வருவதில்லை. விரலால் தடவினால் ஒரு சொரசொரப்பும் தட்டவில்லை. சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் கோடு அவ்வளவு நேராக விழுந்திருக்கிறது. இந்தக் கைவேலைக்கு அண்மையில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அது கிடைக்க இத்தனை காலம் ஆனதில் எனக்கு வருத்தம்தான்.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். செட் இருந்த ஓலைப்பெட்டியைப் பேத்தியின் கையில் கொடுத்ததும் அவள் அதைத் திறக்கவில்லை. தரையில் வைத்து, அதன் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதிரே இருந்த வெறும் சுவரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "ஹலோ நண்பர்களே! இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போகிறோம்!" என்றாள். பிறகு ஒவ்வொரு சாமானாக எடுத்து, முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிக் காட்டி, "வாவ், எவ்வளவு அழகு!" என்று சொல்லிக் கீழே வைத்தாள். கடைசிச் சாமானும் வெளியே வந்தது. சுவரிடம் "லைக் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அம்மியில் அரைக்கவில்லை, அடுப்பில் ஒன்றையும் ஏற்றவில்லை. பொம்மைப் பெட்டியைத் திறந்து காட்டும் வீடியோக்களைப் பார்த்துப் பழகிய அவளைப் பொறுத்தவரை பெட்டியைத் திறந்து காட்டுவதோடு விளையாட்டு முடிந்துபோயிற்று.

நான் அங்கன்வாடியில் பிள்ளைகளோடு இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் கண்டதைத்தான் விளையாடுவார்கள் என்பது எனக்குப் புதிதல்ல. எங்கள் பிள்ளைகள் ஒரு காலத்தில் கண்டக்டராகி டிக்கெட் கிழித்தார்கள், சாமி தூக்கினார்கள், ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வீடு கேபிள் வந்த பிறகு தொடரில் வரும் மாமியார் சண்டை எங்கள் வகுப்புக்குள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சண்டைப் படம் போட்டால் திங்கட்கிழமை பையன்கள் ஒருவரையொருவர் உதைத்துக்கொள்வார்கள். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1961-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டின் பாலர் பள்ளிப் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் தாங்களும் அதேபோல் அடித்தார்கள். 1963-இல் அதையே படமாகக் காட்டினார். அப்போதும் அடித்தார்கள். கண்ணெதிரே ஆள் நிற்க வேண்டும் என்பதில்லை, திரையில் வந்தாலே போதும்.

அடிதடியைப் பார்த்தால் பெற்றோர் திரையை அணைத்துவிடுவார்கள். பொம்மைப் பெட்டியைத் திறந்து காட்டும் வீடியோவை யாரும் அணைப்பதில்லை. அதில் கெட்ட வார்த்தை இல்லை, ரத்தம் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட வீடியோக்களில் பல விளம்பரம்தான். எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு, தன்னை வாங்கவைக்கத்தான் இதைச் சொல்கிறார்கள் என்பது விளங்காது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004-இலேயே இதைச் சொல்லியிருக்கிறது. பேத்தி பேசிய தோரணை முழுக்க ஒரு விற்பனையாளரின் தோரணை. நான்கு வயதில் அது அவளுக்கு வேண்டியதில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் நானே தரையில் உட்கார்ந்து அந்தச் சொப்பு அம்மியில் தும்பைப் பூவை வைத்து நசுக்கினேன். கூப்பிடவில்லை. பக்கத்தில் வந்து நின்று பார்த்தவள், "ஆச்சி, இது என்ன?" என்றாள். குழவியைக் கையில் கொடுத்தேன். கோயம்புத்தூர் வீட்டில் அவளிடம் ஒரு பிளாஸ்டிக் சமையல் செட் இருக்கிறது. அதில் பீட்சாத் துண்டும் பர்கரும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை, எல்லாம் திரையில் பார்த்துப் பழகியவை. திருகையையும் உரலையும் பற்றிக் கேட்காமல் அவளால் விளையாட முடியவில்லை. கேட்டால் ஒரு பெரியவர் பதில் சொல்ல வேண்டும், பதிலிலிருந்து அடுத்த கேள்வி வரும். இந்தச் சாமானை நான் மெச்சுவதற்கு முதல் காரணம் இதுதான்.

பேச்சு வளர்வதும் இப்படித்தான். பாட்ரீசியா கூல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் சீன மொழியைக் கேட்கவைத்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். நேரில் உட்கார்ந்து ஆள் பேசி விளையாடிய குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. பிள்ளையின் பார்வை போகும் பக்கம் திரை திரும்பாது, அது கேட்கும் வரை காத்திருக்கவும் செய்யாது. மருமகளிடம் இதைச் சொன்னேன். வேலைக்குப் போய் வந்து சமைக்கிற நேரத்தில் போனைக் கொடுக்காமல் எப்படி அத்தை என்று கேட்டாள். அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. தனியாக இரண்டு பேர் பிள்ளை வளர்க்கும் வீட்டில் அந்த அரை மணி நேரத்துக்கு வேறு வழி எளிதில் இல்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதை மட்டும் அவளிடம் சொல்லிவைத்தேன். பார்க்கும்போது பக்கத்தில் ஒருவர் இருந்து பேசிக்கொண்டே பார்த்தால் திரையும் பிள்ளைக்கு உதவும்.

எதிர் வீட்டுப் பிள்ளை வந்து சேர்ந்த பிறகுதான் செட் முழுதாக வேலை செய்தது. அவளுக்கு ஆறு வயது. யார் அம்மா, யார் விருந்தாளி என்று இருவருக்கும் பெரிய வாக்குவாதம். குடத்துக்காக ஒரு அழுகை. பிறகு அவர்களே, நீ ஒரு தடவை நான் ஒரு தடவை என்று முறை வைத்துக்கொண்டார்கள். எதிர் வீட்டில் மறுவீட்டு விருந்து நடந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதனால் அந்த விருந்தில் எங்கள் பக்கம் வைக்கும் தேங்காய்ப்பால் குழம்பான சொதி சொப்பு அடுப்பில் கொதித்தது. "விருந்தாளி, இன்னும் கொஞ்சம் விடட்டுமா?" என்று பேத்தி கரண்டியோடு நின்றாள். சுவரைப் பார்த்துப் பேசியவள், எதிரே இருப்பவளின் முகத்தைப் பார்த்து, அவள் வேண்டாம் என்று தலையாட்டும்வரை காத்திருந்தாள்.

குறைகளும் உண்டு. இட்லிக் கொப்பரையின் மூடி இறுகிப்போய்ப் பிள்ளையால் திறக்க முடியவில்லை. நான்தான் திறந்து கொடுத்தேன். உலக்கை உரலுக்குப் பொருத்தமில்லாமல் மெலிந்திருந்தது. தண்ணீரில் ஊறப்போட்டால் மரம் வெடிக்கும் என்பதைக் கடைக்காரரே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவைத்தால் போதும். 600 ரூபாய் கொடுத்தேன். இந்த வேலைப்பாட்டுக்கு அது கூடுதல் என்று நான் சொல்லமாட்டேன்.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு வாங்குவதானால் சின்ன மூடிகளையும் டம்ளர்களையும் எடுத்து வைத்துவிடுங்கள், வாயில் போட்டுக்கொள்ளும். உதிரியாகவும் தருகிறார்கள். கேட்டு, அம்மியும் குழவியும் கனமாகப் பார்த்து எடுங்கள். வீட்டில் ஒரே பிள்ளை என்றால் டம்ளர் மட்டும் கூடுதலாக நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். தெருப் பிள்ளைகள் வந்தால் பற்றாமல் போகும்.