அரபிகாவா, ரொபஸ்டாவா, பட்டர் ஃப்ரூட்டா: வெயிலும் வறட்சியும் சேர்ந்து வந்தால் கீழ்ப்பழனியில் எது நிற்கும்?

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு இங்கேதான் வந்து நிற்கிறது. இருக்கிற அரபிகா காப்பியையே வைத்துக்கொள்வதா, பிடுங்கிவிட்டு ரொபஸ்டா காப்பி போடுவதா, இல்லை பேசாமல் பட்டர் ஃப்ரூட்டுக்கு (அவகாடோ) மாறிவிடுவதா? "ரொபஸ்டா சூடு தாங்கும், அரபிகா தாங்காது" என்று யாராவது ஒருவர் முடித்துவைப்பார். அது பாதிதான் சரி.

வெயில் மட்டும் வந்தால் செடி சமாளிக்கும். வேரில் ஈரம் இருக்கிறவரை இலைத்துளைகளைத் திறந்து நீராவியை விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். வறட்சி மட்டும் வந்தால் துளைகளை மூடிக்கொண்டு இருக்கிற தண்ணீரை மிச்சம் பிடிக்கும். இரண்டும் ஒன்றாக வரும்போதுதான் சிக்கல்: திறந்தால் வேர் காய்கிறது, மூடினால் இலை வேகிறது. போதாக்குறைக்குச் சூடான காற்று மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சிவிடும். 2010இல் ரஷ்யாவில் இப்படித்தான் கோதுமை காய்ந்து, அந்நாடு ஆகஸ்டில் தானிய ஏற்றுமதியையே நிறுத்தியது.

சரி, முதலில் ரொபஸ்டா. காப்பித் தண்டைக் குடையும் வண்டான தண்டுத் துளைப்பான் இதில் பெருகாது, வெப்பத்தையும் அரபிகாவைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் வேர் மேலாக ஓடுகிறது. மேல்மண் காய்ந்ததும் இலை துவண்டுவிடும். பூ விஷயத்தில் இன்னும் கறார். அயல் மகரந்தம் வேண்டும், மொட்டை விரியவைக்கும் பூ மழை சரியான நேரத்தில் வேண்டும், சில வாரங்களில் அடுத்த மழையும் வேண்டும். குடகிலும் வயநாட்டிலும் அதனால்தான் ஸ்பிரிங்ளர் போட்டுப் பூவெடுக்க வைக்கிறார்கள். இங்கே கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குலம் தண்ணீர் என்றால் சுமார் ஒரு லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் எட்டு, ஒன்பது நடை. அதுவும் ஓடை சுருங்கி, போர்வெல் காற்றை இறைக்கிற மார்ச் மாதத்தில்!

விலைதான் ஆளை இழுக்கிறது, தெரியும். 2024இல் லண்டன் சந்தையில் ரொபஸ்டா டன் 5,000 டாலரைத் தாண்டியது. ஏன் ஏறியது? ரொபஸ்டா விளைச்சலில் உலகில் முதலிடத்தில் இருக்கும் வியட்நாமில் வெயிலும் வறட்சியும் சேர்ந்து அடித்தது முக்கியக் காரணம். அதாவது, எது தாங்கும் என்று சொல்லி நடப் போகிறோமோ அது தாங்காததால் வந்த விலை. வியட்நாம், இந்தோனேசியத் தோட்டங்களை வைத்து 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வும் இதையே சொல்கிறது: உகந்த அளவுக்கு மேல் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் ரொபஸ்டா மகசூல் சுமார் 14 சதவீதம் இறங்குகிறது.

அரபிகா நேர் எதிர். வேர் இன்னும் ஆழம் போவதால் வறட்சியை ஓரளவு தாங்கும். தன் மகரந்தமே போதும் என்பதால் மழை கொஞ்சம் முன்பின்னானாலும் காய் பிடிக்கும். சூடுதான் ஆகாது. பூக்கும் நேரத்தில் வெப்பம் ஏறினால் பூ முழுசாக விரியாமல், பச்சையாக நட்சத்திரம் மாதிரி நின்றுவிடும். அதில் காய் வராது. வெயில் படும் தண்டின் பட்டை இடுக்கில் துளைப்பான் வண்டு முட்டை வைக்கும். தண்டில் வரிவரியாக மேடு தெரிந்தால் செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆனால் அரபிகாவின் இந்த இரண்டு பலவீனங்களுக்கும் மருந்து ஒன்றுதான்: நிழல். அதனால்தான் என் கட்சி அரபிகா பக்கம். ரொபஸ்டாவுக்கு வேண்டிய தண்ணீரை நாம் உண்டாக்க முடியாது, நிழலை உண்டாக்கலாம். எந்த நிழல் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சில்வர் ஓக் நேராக வளரும், மிளகு ஏறும், மரமும் விலை போகும். ஆனால் அது மட்டுமே நிற்கிற தோட்டத்தில் நிழல் சல்லடை, சருகும் லேசில் மக்காது. பலாவும் அத்தியும் சந்தன வேம்பும் கலந்து நிற்கிற இடத்தில், கோடையில் சருகை ஒரு குச்சியால் விலக்கிப் பாருங்கள். கீழே மண் கறுப்பாக, கையில் ஒட்டுகிற ஈரத்தோடு இருக்கும், வெள்ளை வேர் நுனிகள் சருகுக்குள்ளேயே ஏறியிருக்கும். சில்வர் ஓக்கை வெட்டச் சொல்லவில்லை. இடையிடையே மற்றதை நடுங்கள், கோடைக்கு முன்னால் கிளையை ஒரேயடியாகக் கழிக்காதீர்கள், அவ்வளவுதான்.

பட்டர் ஃப்ரூட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இதே மலையில் இருக்கும் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமே ஒரு ரகம் வெளியிட்டிருக்கிறது, இந்த மலைக்குப் பழகின மரம்தான். ஆனால் இதற்கும் மேல்வேர். பிஞ்சு பிடிக்கிற நேரத்தில் வறட்சியும் வெயிலும் சேர்ந்தால் கொட்டித் தீர்த்துவிடும்; தண்ணீர் தேங்கினாலோ வேர் அழுகும். காப்பிக்கு நடுவே பத்துப் பதினைந்து மரம் நல்ல வருமானம். நிழலை வெட்டிவிட்டு வெட்டவெளியில் தனிப்பயிராகப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ரொபஸ்டாவுக்கும் இடமில்லாமல் இல்லை. ஆயிரம் மீட்டருக்குக் கீழே, அரபிகாவுக்கு ஏற்கெனவே சூடு அதிகமான சரிவில், ஏப்ரலிலும் வற்றாத ஊற்றோ பண்ணைக்குட்டையோ இருந்தால் தாராளமாகப் போடலாம். தண்ணீரை அளந்து பார்த்த பிறகு நாற்றுக்குச் சொல்லுங்கள்.