இரணைமடுத் தண்ணீரா, தாளையடிக் கடல்நீரா?

யாழ்ப்பாணத்துக் கிணறுகள் பலவற்றில் குடிப்பதற்கு ஆகாத நைத்திரேற்று கலந்துவிட்டது. ஆகவே, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு 2010இல் உருவான குடிநீர்த் திட்டம் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை நோக்கிக் கை நீட்டியது.

கணக்குப் பார்த்தால், கடல்நீரை நன்னீராக்குவதைவிடக் குளம்தான் மலிவு. சுத்திகரித்துக் குழாயில் விட்டால் போதும். ஆனால், கனகராயன் ஆறு கொண்டுவருவது மாரி மழையைத்தான். மாரிகால நெற்செய்கையான காலபோகத்துக்கு வானம் துணை நிற்கும். கோடைகாலச் செய்கையான சிறுபோகத்துக்குக் குளத்தை விட்டால் வேறு கதியில்லை. மழை குறைந்த ஆண்டில் வயற்காணி முழுவதற்கும் தண்ணீர் கிடைக்காது, பங்குபோட்டுத்தான் விதைக்க வேண்டும். குளக்கட்டை உயர்த்தினால் இருதரப்புக்கும் போதும் என்ற வாதத்தைக் கமக்காரர்கள் ஏற்காததில் எனக்கு வியப்பில்லை. கட்டை உயர்த்தலாம், மழையை உயர்த்த முடியுமா? வரட்சியில் வயலுக்கு நீர் விடும் துருசை, அதாவது மதகை, மூடச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதுதான் அவர்களின் உண்மையான கவலை.

வடமராட்சி கிழக்குக் கரையிலுள்ள தாளையடியின் கடல்நீர் நன்னீராக்கல் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. வரட்சி அதைத் தொடாது. விலை வேறு இடத்தில் இருக்கிறது. கடல்நீரைச் சவ்வு வழியே அழுத்தித் தள்ள, கனமீற்றருக்கு ஏறக்குறைய 3 முதல் 4 அலகு மின்சாரம் வேண்டும். மிஞ்சும் செறிந்த உவர்நீர் திரும்பவும் கடலுக்கே போகிறது, அது மீனவர்களின் தொழிலிடம்.

என் தெரிவு தாளையடி. வன்னியின் சிறுபோகத்தை அது விட்டுவைக்கிறது. ஆனால், கடன் கொடுப்பவர்கள் சூரிய மின்சாரத்துக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கடல்நீர்ப் பரிசோதனை முடிவுகளும் தமிழில், மாதந்தோறும் மீனவர் சங்கங்களின் கைக்கு வர வேண்டும்.