எட்டு வருடம், ஒரு செயின்சா, மூன்று பிஸ்டன்

இந்த 50 சிசி செயின்சா என்னிடம் வந்து எட்டு வருடம் ஆகிறது. விறகு அறுப்பதும், விழுந்த மரத்தைத் துண்டு போடுவதும்தான் இதற்கு வேலை. நான் மரம் வெட்டிப் பிழைப்பவன் அல்ல, மெக்கானிக்கும் அல்ல. ஆனால் இத்தனை வருடத்தில் வெளியே கொடுத்தது ஒரே ஒரு தடவைதான். மற்ற ரிப்பேர் எல்லாம் என் மேசையிலேயே நடந்தது. அதனால் இதை ரம்பத்தைப் பற்றி எழுதுவதைவிட, அதைப் பிரித்துப் பிரித்து எனக்கு எவ்வளவு வேலை தெரிந்தது என்று எழுதுவதுதான் சரியாக இருக்கும்.

முதல் இரண்டு வருடம் எஞ்சினைத் தொடவே இல்லை. அரம் பிடிக்கக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். இதையெல்லாம் ஒரு வேலையாகவே மதிக்காமல் நேராக சிலிண்டரைக் கழற்றப் போகிறவர்கள் நிறைய பேர். எனக்கு அவர்கள்மேல் நம்பிக்கை இல்லை. சங்கிலி சீவல் சீவலாகத் தள்ளினால் கூர் இருக்கிறது, மாவு மாதிரிக் கொட்டினால் மொட்டை. இது தெரிந்தபிறகும் என் ரம்பம் நேராக அறுக்கவில்லை, எப்போதும் ஒரு பக்கமாக வளைந்தே போனது. சங்கிலி ஓடும் தகடான பாரைத் திருப்பிப் போட்டேன், அப்படியும் வளைந்தது. கடைசியில் பற்களை அளந்து பார்த்தால் வலது பக்கப் பற்கள் குட்டையாகவும் இடது பக்கப் பற்கள் நீளமாகவும் இருந்தன. வலது பக்கம் கைக்கு வாகாக இருந்ததால் அங்கே அழுத்தி அழுத்தி ராவியிருக்கிறேன். கோளாறு என் கையில்தான்.

அடுத்து கார்புரேட்டர். மூன்று திருகு இருக்கும்: குறைந்த வேகத்துக்கான பெட்ரோல் அளவுக்கு எல், முழு வேகத்துக்கு எச், அப்புறம் சும்மா ஓடும்போது உள்ள வேகத்துக்கு ஐட்லிங் திருகு. புதிதாக இறங்குகிற எல்லோரும் முதலில் ஸ்க்ரூ டிரைவரை வைக்கிற இடம் இதுதான். நானும் வைத்தேன். சூடானதும் ரம்பம் நின்றுபோகிறது என்று ஒரு வாரம் திருகித் திருகிப் பார்த்தேன். காரணம் டேங்குக்குள் இருந்த பெட்ரோல் குழாயில் விழுந்த மயிரிழை வெடிப்பு. குழாயை மாற்றினேன், சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் திருகுகள் எங்கே இருந்தன என்பதே மறந்துபோய், ட்யூனிங்கை முதலிலிருந்து பிடிக்க வேண்டியதாயிற்று. கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயஃப்ரம் கெட்டதா என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. எடுத்துக் காதருகே வைத்து லேசாக மடக்க வேண்டும். காய்ந்த இலை மாதிரிச் சத்தம் வந்தால் மாற்றிவிடலாம்.

நான்காவது வருடம் எஞ்சின் ஜாம் ஆனது. சைலன்சரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தேன். பிஸ்டன் முழுக்கக் கோடு கோடாகக் கீறல். சரி, இதையும் செய்துதான் பார்ப்போமே என்று பிஸ்டனோடு சேர்ந்த மாற்று சிலிண்டர் செட் ஒன்றை வாங்கினேன்.

கிளட்ச் மரை இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும் என்பது எனக்குத் தெரியாது. வழக்கம்போலக் கழற்றப் பார்த்து, ஒரு மணி நேரம் அதை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தேன். எஞ்சின் சுற்றாமல் இருக்க ப்ளக் ஓட்டை வழியாகக் கயிறு திணிப்பார்கள். பிஸ்டன் மேலேறி சைலன்சர் துவாரத்தை மூடிய பிறகுதான் திணிக்க வேண்டும். இல்லையென்றால் கயிறு துவாரத்தில் மாட்டி நறுங்கும். பிஸ்டன் பின் நழுவாமல் பிடிக்கும் கம்பி வளையமான சர்க்ளிப்பில் முதலாவது பறந்து எங்கோ விழுந்தது. இரண்டாவதை, சிலிண்டருக்குக் கீழே உள்ள கிராங்க்கேஸின் வாயைத் துணியால் அடைத்துவிட்டு, கையை பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொண்டு போட்டேன். பிஸ்டன் தலையில் இருக்கும் அம்பு சைலன்சர் பக்கம் பார்த்திருந்தது, பிஸ்டன் ரிங்கின் இடைவெளி அதற்கான சிறு பின்னில் உட்கார்ந்திருந்தது, எல்லாம் சரி. நான்காவது இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. அன்று எனக்கிருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

மூன்றாவது டேங்கில் மறுபடி ஜாம்.

அந்த ஒரு தடவை வெளியே கொண்டுபோனது அப்போதுதான். பெரியவர் ஒருவர். ரம்பத்தைத் தொடுவதற்கு முன் கேட்டார்: "முதல் பிஸ்டனை வச்சிருக்கீங்களா தம்பி?" வைத்திருந்தேன், ஆனால் ஒரு தடவைகூட உற்றுப் பார்த்ததில்லை. அவர் அதை வெளிச்சத்தில் திருப்பினார். கீறல் சைலன்சர் பக்கம்தான் அதிகம், கார்புரேட்டர் பக்கம் சுத்தமாக இருந்தது. தூசி உள்ளே போயிருந்தால் கார்புரேட்டர் பக்கம் தேய்ந்திருக்கும். இது பெட்ரோலும் ஆயிலும் போதாமல் சூடேறிய பிஸ்டன். "எங்கியோ காத்து வாங்குது" என்றார்.

சைலன்சர், கார்புரேட்டர் இரண்டின் துவாரத்தையும் அடைத்துவிட்டு, கைப்பம்பால் அரை பார் அழுத்தம் ஏற்றினார். பம்பின் அளவு முள் அசையவில்லை. நானாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். அவர் பம்பை மாற்றி உள்ளே இருந்த காற்றை உறிஞ்சினார், முள் மெல்ல இறங்கியது. கிராங்க் தண்டைச் சுற்றி அடைக்கும் ஆயில் சீலின் உதடு உள்ளிருந்து வரும் அழுத்தத்துக்கு விரிந்து அடைத்துக்கொள்ளும், உறிஞ்சும்போது விட்டுக்கொடுத்துவிடும். ஃப்ளைவீலைக் கழற்றி அந்தப் பக்கச் சீலில் ஒரு சொட்டு ஆயில் விட்டார். முள் அப்படியே நின்றது. அந்தச் சீல்தான்.

கைவிரலளவு ரப்பர் வளையம். ஜாம் ஆவதற்குச் சில வாரம் முன்பிருந்தே ஐட்லிங் தானாக ஏறிக்கொண்டு, விட்டால் உடனே இறங்காமல் இருந்தது. நான் அதை ஐட்லிங் திருகைக் குறைத்து 'சரி' செய்திருந்தேன்.

பிரிக்கத் தெரிவதும் மாட்டத் தெரிவதும் பொறுமை இருந்தால் யாருக்கும் வரும். எதற்காகப் போச்சு என்று கண்டுபிடிப்பது வேறு வேலை, அதில் அன்று நான் பூஜ்யம். எஞ்சினை முழுதாகக் கட்டினேன் என்று சொல்லும் ஒருவரை இப்போது பார்த்தால், காற்று பிடித்துப் பார்த்தீர்களா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

அடுத்த தடவை நானே செய்தேன். மாற்று சிலிண்டரின் துவார விளிம்புகள் கத்தி மாதிரி இருந்தன, ரிங் அதில் சிக்கிக்கொள்வதற்கு அதுவே போதும். அதனால் பழைய அசல் சிலிண்டருக்கே திரும்பினேன். அதில் ஒட்டியிருந்த பிஸ்டன் அலுமினியத்தை, பஞ்சுக் குச்சியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் தொட்டு, கையுறை போட்டுக்கொண்டு வெட்டவெளியில் கரைத்தேன். நுரைப்பது நின்றால் அலுமினியம் போய்விட்டது என்று அர்த்தம். துவார ஓரங்களில் பூச்சு இல்லாத அலுமினியம் இருப்பதால் அங்கே படவிடக் கூடாது. கழுவிவிட்டு நகத்தால் வருடினேன், எங்கும் தட்டவில்லை. இரண்டு பக்கமும் புதுச் சீல், புதுப் பிஸ்டன், லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். கம்ப்ரெஷன் 150 பிஎஸ்ஐ காட்டியது. நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

கிராங்க்கேஸைப் பிளந்து பேரிங் மாற்றுவது இன்னும் எனக்குக் கைவரவில்லை. ஒரு பழைய ரம்பத்தில் முயன்றேன், அது இப்போது ஒரு டப்பாவில் உதிரியாகக் கிடக்கிறது.

போன வாரம் அறுத்துக்கொண்டிருக்கும்போது ஐட்லிங் திடீரென்று ஏறியது. வயிற்றில் புளியைக் கரைத்தது. ரம்பத்தை நிறுத்திவிட்டு, சீல், குழாய், டயஃப்ரம் என்று மனதுக்குள் வரிசை போட்டபடியே டேங்க் மூடியைத் திறந்தேன். பெட்ரோல் தீர்ந்திருந்தது. நிரப்பிவிட்டு மிச்சக் கட்டையை அறுத்து முடித்தேன்.