அதட்டும் மேலாளரா, காது கொடுக்கும் மேலாளரா?

அதட்டுபவரின் கீழ் வேலை வேகமாக நடப்பதுபோல் தெரியும். ஆனால் கழன்ற போல்ட்டையோ மயிரிழையில் தப்பிய விபத்தையோ யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னவருக்குத்தானே திட்டு விழும்! விபத்துப் பதிவேடு சுத்தமாக இருக்கும், அதுதான் பயங்கரம். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முந்தைய இரவு, கடுங்குளிரில் அதன் ராக்கெட் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காமல் போகலாம் என்று பொறியாளர்கள் எச்சரித்தார்கள். நிர்வாகம் அதை ஒதுக்கியது. கிளம்பிய சற்று நேரத்தில் விண்கலம் சிதறி, அதிலிருந்த 7 பேரும் இறந்தார்கள்.

காது கொடுப்பவரிடம் புகார்கள் கூடும், வேலை அவ்வப்போது நிற்கும். சரி, நிற்கட்டும். டொயோட்டா ஆலைகளில் கோளாறு கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம். உடனே சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். தன் பேச்சுக்கு மதிப்புண்டு என்று உணர்ந்தவர் பக்கத்தில் இருப்பவரின் பாதுகாப்பையும் கவனிப்பார். என் தேர்வு காது கொடுக்கும் மேலாளர்தான். அதட்டுபவரிடமிருந்து திறமைசாலிகள்தான் முதலில் கிளம்புகிறார்கள்.