அதிக வாக்கு எலியட்டுக்கு, நாற்காலி ஃபோர்டுக்கு

2018 மார்ச் 10. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் புரோகிரசிவ் கன்சர்வேட்டிவ் கட்சி புதுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தது. டக் ஃபோர்டைவிட கிறிஸ்டின் எலியட்டுக்கு வாக்குகள் அதிகம், முன்னிலை பெற்ற தொகுதிகளும் அதிகம். ஆனால் தலைவரானவர் ஃபோர்ட். ஜூனில் மாகாண முதல்வரும் அவரே.

தில்லுமுல்லு எதுவும் இல்லை, விதியே அப்படித்தான். ஒவ்வொரு தொகுதிக்கும் 100 புள்ளி. அங்கே கட்சி உறுப்பினர்கள் போட்ட வாக்குகளின் விகிதப்படி அது வேட்பாளர்களுக்குப் பிரியும். 150 பேர் வாக்களித்த தொகுதிக்கும் ஆயிரம் பேர் வாக்களித்த தொகுதிக்கும் ஒரே எடை. நூறு வாக்குகூட விழாத தொகுதிக்கு மட்டும் ஒரு வாக்குக்கு ஒரு புள்ளி. கடைசிக் கணக்கில் ஃபோர்ட் 6,202, எலியட் 6,049. எலியட் அன்றிரவு முடிவை ஏற்கவில்லை, மறுநாள்தான் ஏற்றார்.

அப்படியானால் உறுப்பினருக்கு ஒரு வாக்கு, எல்லா வாக்கும் சமம் என்று வைத்துவிடலாமே? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 2006இல் இன்னொரு மாகாணமான அல்பேர்ட்டாவில் இதே பெயர்க் கட்சி தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது நடந்ததையும் பார்க்க வேண்டும். 5 டாலர் கொடுத்தால் வாக்களிக்கும் அன்றே உறுப்பினராகலாம் என்பது அப்போதைய விதி. முதல் சுற்றில் சுமார் 98,000 பேர் வாக்களித்தார்கள். ஒரு வாரம் கழித்து அடுத்த சுற்றில் 1,44,000 பேர். இடையில் வந்தவர்கள் கட்சிக்காரர்களா, அந்த வாரத்து விருந்தாளிகளா? முதல் சுற்றில் 15 சதவீதத்தோடு மூன்றாவதாக வந்த எட் ஸ்டெல்மாக் கடைசியில் ஜெயித்தார். நேரடி வாக்கில் ஆள் சேர்க்கும் பலம்தான் பலம். நகரில் பெரிய சமூகம் ஒன்றைத் திரட்ட முடிந்தவருக்குத் தூரத்துத் தொகுதிகள் தேவையே இல்லை.

பழைய முறை பேராளர் மாநாடு: உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் பேராளர்கள் ஓரிடத்தில் கூடித் தலைவரைத் தேர்வார்கள். 2013 ஜனவரியில் ரொறன்ரோவில் கூடிய ஒன்ராறியோ லிபரல் மாநாட்டில் முதல் சுற்றில் சாண்ட்ரா பூபட்டெல்லோ 599, கத்லீன் வின் 597. இரண்டாம் சுற்றில் பூபட்டெல்லோவின் முன்னிலை கூடியது. அப்புறம் ஜெரார்ட் கென்னடியும் சார்லஸ் சூசாவும் வின் பக்கம் வர, மூன்றாம் சுற்றில் வின் 1,150, பூபட்டெல்லோ 866. யார் யாரோடு சேர்ந்தார் என்பதை எல்லோரும் நேரில் பார்த்தார்கள். எனக்கு இந்த முறையில் பிடித்தது அது ஒன்றுதான். கட்டணமும் பயணமும் ஹோட்டலும் கட்டுப்படியாகிறவர்தான் பேராளராக முடியும். சாதாரண உறுப்பினரின் விருப்பம் முதல் சுற்றோடு சரி, அதன்பின் பேராளர் தன் இஷ்டப்படி வாக்களிக்கலாம்.

லிபரல்களே 2023இல் இதைக் கைவிட்டுப் புள்ளி முறைக்கு மாறினார்கள். அதில் வென்றவர் பானி குரோம்பி. என் ஓட்டும் புள்ளி முறைக்கே. பொதுத்தேர்தலில் ஆட்சி கிடைப்பது தொகுதிக் கணக்கில்தான். தூரத்து வட ஒன்ராறியோவையும் ரொறன்ரோவை ஒட்டிய பிராம்ப்டன் நகரையும் சேர்த்துப் பிடிக்கத் தெரியாதவரைத் தலைவராக்கிக் கட்சிக்கு என்ன லாபம்? ஆனால் ஒரு தொகுதி முழு எடை பெற நூறு வாக்கு போதும் என்ற வாசல் ரொம்பத் தாழ்வு. அதை 300 ஆக்கினால் எலியட்டுக்கு நேர்ந்தது போன்ற மனக்குறை குறையும்.

எந்த முறையானாலும் வேட்பாளர் பட்டியல் யார் கையில் என்பது தனிக் கேள்வி. 2022இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் புதிய ஜனநாயகக் கட்சி (என்டிபி), உறுப்பினர் சேர்ப்பில் விதிமீறல் என்று சொல்லி தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட அஞ்சலி அப்பாதுரையைத் தகுதி நீக்கியது. டேவிட் ஈபி போட்டியின்றித் தலைவரானார். அங்கே உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்றுதான் விதி; யாரும் அதைப் போட வேண்டிவரவில்லை.