ராத்திரியே சாப்பிட்டுப் படுப்பதா, சஹருக்கு எழுவதா?

ரமலான் வந்தால் எங்கள் தெருவில் இரண்டு கட்சி. தராவீஹ் (ரமலான் இரவுத் தொழுகை) முடிந்து வந்து, பத்தரை மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டு, நிய்யத் (நோன்பு நோற்கும் எண்ணம்) வைத்துவிட்டு சுபுஹு (அதிகாலைத் தொழுகை) வரை தூங்குகிறவர்கள் ஒரு பக்கம். நாலேகாலுக்கு எழுந்து சஹர் (நோன்பு தொடங்குமுன் சாப்பிடும் விடியற்காலைச் சாப்பாடு) செய்கிறவர்கள் மறுபக்கம். சஹர் செய்யாவிட்டாலும் நோன்பு நிறைவேறும், ஆனால் சஹர் சுன்னத் (நபிவழி), அதில் பரக்கத் (இறையருள்) இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதே என் கேள்வி. எனக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை, மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். போன ரமலானில் இரண்டு விதமாகவும் இருந்து பார்த்துவிட்டு, இப்போது முழுக்க சஹர் பக்கம் வந்துவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் தூக்கம் கலையாது. காலையில் வேலைக்குப் போகிறவனுக்கு இது பெரிய விஷயம், அதை மறுக்க மாட்டேன். வீட்டுப் பெண்கள் மூன்றரைக்கே எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கவும் வேண்டாம். நெஞ்செரிச்சல் இரண்டிலும் உண்டு, சாப்பிட்ட கையோடு படுத்தால் எந்த நேரமானாலும் வரும்.

என்னை மாற்றியது மணிக்கணக்குதான். சென்னையில் மார்ச் மாதம் சஹர் ஐந்து மணியை ஒட்டி முடியும், நோன்பு திறக்கும் மஃரிப் (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை) ஆறு இருபது வாக்கில். ஆக, நோன்பு 13 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆனால் ராத்திரி பத்தரைக்குக் கை கழுவியவனின் வயிற்றுக்கு அது ஏறக்குறைய 20 மணி நேரம். சாப்பாடு இல்லாதபோது கல்லீரல் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரைதான் ரத்தத்தில் அளவு இறங்காமல் பிடித்து நிறுத்துகிறது, 12 மணி நேரம் தாண்டினால் அந்த இருப்பு நன்றாகவே குறைந்துவிடும், உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். மாத்திரை சாப்பிடாத திடமான ஆள் இதைத் தாங்கிக்கொள்வார். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும்.

அப்போது நான் ராத்திரிச் சாப்பாட்டுக் கட்சி. ஏழாவது நோன்பு அன்று பிற்பகல் மூன்றரை மணி இருக்கும். மேசையில் உட்கார்ந்திருந்தவனுக்கு பிடரியில் சில்லென்று வியர்த்தது, பேனா பிடித்த விரல் நடுங்கியது. விரலில் குத்திப் பார்த்தேன், சர்க்கரை 66. (குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது, அதற்குப் பயந்து பார்க்காமல் இருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து பாருங்கள்.) 70-க்குக் கீழே போனாலும் 300-ஐத் தாண்டினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் கையில் எடுத்தேன், கண் கலங்கிவிட்டது.

டாக்டரிடம் போனபோது அவர் முதலில் கேட்டதே, "சஹர் சாப்பிடுறீங்களா?" என்றுதான். கிளிமிபிரைடை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றி, அளவையும் குறைத்தார். மெட்பார்மின் இஃப்தாருக்கு ஒன்று, சஹருக்கு ஒன்று. சஹரே இல்லை என்றால் அந்த இரண்டாவது மாத்திரையை எப்போது போடுவது? நோன்பு வைக்கும் சர்க்கரை நோயாளிகள் சஹரை விடவே கூடாது, முடிந்தவரை கடைசி நேரத்தில் சாப்பிட வேண்டும் என்றுதான் மருத்துவ வழிகாட்டுதல்களும் சொல்கின்றன.

மறுநாளிலிருந்து சஹர். ஒரு கோதுமைத் தோசை, அவித்த முட்டை, அப்புறம் வழக்கம்போல கொஞ்சம் தயிர்ச்சோறும் வாழைப்பழமும், சொம்பு நிறையத் தண்ணீர். கருவாடும் ஊறுகாயும் வேண்டாம், பத்து மணிக்கே நாக்கு வறண்டுவிடும். அஸர் (பிற்பகல் தொழுகை) நேரத்தில் சர்க்கரை 94, 101 என்று நின்றது. இன்னொரு லாபமும் கிடைத்தது: மத்தியானத் தலைவலி போனது. டீக்குப் பழகிய உடம்புக்கு அது நின்று 12 மணி நேரத்துக்கு மேல் ஆனால் தலை வலிக்கத் தொடங்கும், நாலரைக்கு ஒரு டீ குடித்தால் அந்த வலி வருவதற்குள் மஃரிப் பாங்கு சொல்லிவிடுவார்கள்.

தூக்கத்தில் நான் தோற்றேன். சுபுஹுக்குப் பிறகு ஒரு மணி நேரம் படுத்தும் பதினொரு மணிக்குக் கண் சொருகியது. நைட் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு எது சரிப்படும் என்று சொல்லும் அனுபவம் எனக்கில்லை. எடை இரண்டு முறையிலும் கொஞ்சம் இறங்கியது, பெருநாள் முடிந்து ஒரு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. இன்சுலின் போடுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் என் கதையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 184, 185 வசனங்கள் நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையைக் கொடுத்திருக்கின்றன, குணமாகாத நோய் என்றால் பித்யா (நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவளிப்பது) இருக்கிறது.

முறிந்த அந்த ஒரு நோன்பை டிசம்பரில் களாச் செய்தேன் (விட்டதைப் பிறகு நோற்பது). அன்றைக்கு வீட்டில் வேறு யாருக்கும் நோன்பில்லை. நாலேகாலுக்கு அலாரம் வைத்து, தோசைக்கல்லை நானே அடுப்பில் போட்டேன்.