புதிர் வேட்டை: கூகுள் படிவமா, டெலிகிராமா, சொந்தப் பக்கமா?

வேலூரில் ஒரு பழைய மாணவர் குழுவோ வாசகர் வட்டமோ அணி அணியாகப் புதிர்களை விடுவிக்கும் புதிர் வேட்டையை இணையத்தில் நடத்த நினைத்தால், முதலில் எழும் கேள்வி எதில் நடத்துவது என்பதுதான். பெரும்பாலோர் சுலபமானதைப் பிடித்துக்கொள்கிறார்கள். என் அளவுகோல் வேறு: ஆடுபவர் தமிழில் தட்டும் விடை சற்றே பிசகினால், அந்தக் கருவி என்ன செய்கிறது?

கூகுள் படிவத்துக்குச் செலவில்லை, நிரலும் தெரிய வேண்டாம். விடைப்பெட்டிக்குச் சரிபார்ப்பு விதி போட்டுவிட்டால், சரியான சொல் விழும்வரை அடுத்த பகுதி திறக்காது. கோட்டைக்குள் இருக்கும் கோயில்தான் விடை என்றால், ஒருவர் ஜலகண்டேஸ்வரர் என்பார், மற்றவர் ஜலகண்டேசுவரர் என்பார். இரண்டையும் ஒரே விதியில் ஏற்கச் செய்யலாம். ஆனால் அந்த விடை பக்கத்தின் மூலநிரலிலேயே கிடக்கிறது. விவரம் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் எடுத்துவிடுவார்கள். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். தவறான முயற்சிகள் எங்கும் பதிவாகாததுதான் எனக்குப் பெரிய குறை. யார் எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்பது தெரியாமல் எப்படித் துப்பு கொடுப்பது?

டெலிகிராமில் ஒவ்வொரு அணிக்கும் தனிக்குழு தொடங்கி, ஒருவர் உட்கார்ந்து விடை பார்ப்பது இதற்கு நேர் எதிர். ஹைதர் மஹால் வர வேண்டிய இடத்தில் ஓர் அணி திப்பு மஹால் என்று எழுதுகிறது. படிவம் ‘தவறு’ என்று கதவைச் சாத்தும். மனிதரோ, ‘கோட்டை சரிதான், ஒரு தலைமுறை மேலே போங்கள்’ என்பார். அந்த ஒரு வரியில் அணிக்கு உயிர் வந்துவிடும். புதிர் போடுவதன் இன்பமே இதில்தான் இருக்கிறது. எழுத்துப் பிழையும் தொல்லையில்லை. ஆனால் அணிகள் பெருகினால் ஒருவரால் தாங்காது. நள்ளிரவில் விடை அனுப்புகிறவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

சொந்தப் பக்கம் என்றால் இணையப் பக்கம் வைக்க கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடமே போதும், ஓரளவு நிரல் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். விடையை அப்படியே வைக்காமல், அதிலிருந்து கணக்கிட்ட, பின்னோக்கி விடையாக மாற்ற முடியாத எஸ்.எச்.ஏ.-256 குறியீட்டை மட்டும் வைத்தால், மூலநிரலைத் திறந்தாலும் நேராகக் கிடைக்காது. தமிழுக்கென்று ஒரு கண்ணி இங்கே இருக்கிறது. ‘கோட்டை’யில் உள்ள ஓகாரக் குறியை, கணினி எழுத்துகளுக்கான பொது முறையான யூனிகோடில் ஒரே குறியாகவும் பதிக்கலாம், இரண்டு துண்டாகவும் பதிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கு அவை இரு வேறு சொற்கள். சரியாக எழுதியவரையே தவறு என்று திருப்பி அனுப்பிவிடும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் கட்டளை ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. அதைச் சேர்க்காத பக்கத்தை வெளியிடவே கூடாது.

புதிர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறப்பதா, எல்லாவற்றையும் ஒருசேரத் திறப்பதா? ஒருசேரத்தான். சங்கிலியில் ஒரு கண்ணியில் சிக்கினால் அணி முழுதும் சோர்ந்து கலைந்துவிடும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1981-இல் தொடங்கிய மிஸ்டரி ஹன்ட் வேட்டையில் இன்று வழக்கமாக இருப்பதைப் போல, விடைகளைக் கோத்தால் இறுதி விடை வரும்படி அமைக்கலாம். பழைய வட ஆற்காட்டு ஊர்களை வைத்தே செய்யலாம்: காட்பாடியில் 3-ஆம் எழுத்து, வாலாஜாவில் 2-ஆவது, செய்யாறில் 4-ஆவது. சேர்த்தால் பாலாறு! எண்ணும் வேலையை மட்டும் கணினியிடம் விடாதீர்கள். செய்யாறு நமக்கு 4 எழுத்து; கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும் அதற்கு 8 குறிகள்.

‘1806 ஜூலை 10 அன்று கோட்டையில் என்ன நடந்தது’ என்று கேட்பது எந்தக் கருவியிலும் வேட்டையாகாது. தேடுபொறி நொடியில் சொல்லிவிடும்.

நான்கைந்து அணிகள் என்றால் யோசிக்காமல் டெலிகிராம். அதற்கு மேல் போனால் சொந்தப் பக்கத்தில் விடை பார்த்து, சிக்கிக்கொண்டவர்கள் துப்புக் கேட்க மட்டும் டெலிகிராமில் ஒரு வழி திறந்து வையுங்கள். படிவத்தை ஒரு மாலை நேரத்துச் சின்ன விளையாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.